ஆள் இல்லாத வீட்டின் சோதனை

லோகநாதனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அயனம்பாக்கம் ஏரி தெரிகிற பால்கனியை விட்டுவிட்டு, சுவரைப் பார்த்து மேசை போட்டுக்கொண்டவரை வேறு எப்படிச் சொல்வது? ஆபீஸ் வேலை போக, நான்கு வருடமாக ஒரு டெம்ப்ளேட் என்ஜின் எழுதிவந்தார். கடிதத்தில் பெயருக்கு இடம் விட்டுக் கொடுத்தால், பட்டியலிலிருந்து பெயரை எடுத்து நிரப்பித் தரும் நிரல், அவ்வளவுதான்.

இதே மாதிரி உலகத்தில் பலர் எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றுபோல நடக்க வேண்டும் என்று பொது விதிகளும், நூற்றிருபது சோதனைகளும் உண்டு. அத்தனையிலும் தேறினால் பொதுப் பட்டியலில் இடம். அந்த இடத்தைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று மனைவி மங்களத்திடம் சவால் விட்டிருந்தார். போன ஆவணியில் மங்களம் மாரடைப்பில் போய்விட்டாள். சவால் மட்டும் அப்படியே நின்றது.

அவர் கணினியில் நூற்றிருபதும் பச்சை, அதாவது தேர்ச்சி. அனுப்பிவைத்தார். பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஸ்வாதி, ஒன்று மட்டும் தவறுகிறது என்று பதில் போட்டாள். ஆள் இல்லாத வீட்டின் சோதனை. மூன்று நாள் நிரலைக் குடைந்தார். பேச்சுத்துணைக்கு மின்விசிறிதான் இருந்தது. நான்காம் நாள் காலையில்தான் சோதனைக் கோப்பையே திறந்து பார்த்தார்.

அந்தச் சோதனைப்படி, வீட்டில் இருப்பவர்களின் பட்டியல் காலியாக இருந்தால் ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று வரவேண்டும். ஆனால் அவர் கோப்பில் அந்தப் பட்டியல் காலியாக இல்லை. சோதனைகளைத் தமிழில் மாற்றிக்கொண்டிருந்த அன்று, காபியோடு வந்த மங்களம் திரையை எட்டிப் பார்த்திருந்தாள்.

“இன்னாய்யா, ஊட்ல யாரும் இல்லைன்னு போட்டுகினு கீறே? நான் இன்னா செத்தா பூட்டேன்? என் பேரைப் போடு.”

சிரித்துக்கொண்டே போட்டார். விடையையும் அதற்கேற்ப மாற்றினார். இத்தனை வருடம் தொழில் செய்தவர் பொதுச் சோதனையில் கை வைக்கலாமா? வைத்தார். பிறகு மறந்தும் போனார்.

இப்போது அந்தப் பெயரை அழிக்க விரல் வரவில்லை. ஏரிக்கரையில் ஒரு நடை போய்விட்டு வந்தார். அப்புறம் ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். விடையையும் பழையபடி மாற்றினார். சோதனை தவறியது. காலிப் பட்டியலிலும் ஓர் ஆள் இருப்பதாகவே அவருடைய நிரல் நினைத்துக்கொண்டிருந்தது. ஒரே வரியில் திருத்தி, மறுபடி ஓட்டினார்.

திரையில் ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று வந்தது. பக்கத்திலேயே ‘சரி’ என்றும் வந்தது. லோகநாதன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.