மேடையேறிய புர்கா

அம்மாவின் புர்காவில் அந்துருண்டை வாசமும் தையல் மிஷின் எண்ணெய் வாசமும் கலந்து வரும். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்கெல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான் ரவிக்கை தைத்துக் கொடுக்கப் போவாள். "பாயம்மா வந்துட்டாங்க" என்று ஒரு குரல் கேட்டால் போதும், பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். ரவிக்கைத் துணி முந்தானையோடு ஒத்துப்போகவில்லை என்று தறிக்காரரிடமே அவள் மல்லுக்கு நிற்பாள். எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒரு புர்காதான். அவசரமென்றால் அடுத்த வீட்டுக் கொடியிலிருந்து "இரவல்" எடுத்துக்கொள்வார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அறுபதுகளின் கடைசியில், நான் ஒன்பதாவது படித்தபோது, ஆண்டு விழாவுக்கு ஓர் ஆங்கிலக் கதையை நாடகமாகப் போட்டார்கள். யாரோ வெள்ளைக்காரர் எழுதியது. சுல்தானின் மாளிகையில் முகத்திரைக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒருத்தியைக் கப்பல் தலைவன் மீட்டுக்கொண்டு போகிறான். அவளுக்கு அழகு உண்டு, கண்ணீர் உண்டு, வசனம் மட்டும் கிடையாது. வீட்டில் கதையைச் சொன்னேன். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, "அவ்ளோ பெரிய வூட்ல இருந்துக்கினு அழுதுக்கினே இருக்காளா? வாயில்லியா அவளுக்கு?" என்று கேட்டாள்.

நாயகி வேடம் சிவப்பாக இருந்த தோழிக்குப் போயிற்று. மைக்கில் கதையை ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. "உங்கம்மா புர்காவ வாங்கினு வாம்மா, நெசமானதா இருந்தாதான் எடுபடும்" என்றார் டீச்சர். அம்மா துவைத்து மடித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடமே அறியாதவள் அவள். மகள் இங்கிலீஷ் பேசுவதைப் பார்க்க அப்படி ஒரு ஆசை. "நீ முன்னால போ. அடுத்த வூட்டு ஜைனபோடத போட்டுக்கினு நான் பின்னாலயே வரேன்" என்றாள்.

அன்று மத்தியானம் பார்த்துத்தானா வாலாஜாவிலிருந்து "மவுத்" என்று சாவுச் சேதி வரவேண்டும்! ஜைனப் பெரியம்மாவும், செத்தவருக்கு உறவான சந்துப் பெண்கள் எல்லோரும் அவரவர் புர்காவோடு பஸ் ஏறிப் போய்விட்டார்கள். சந்தில் ஒரு புர்கா மிச்சமில்லை. அது இல்லாமல் அம்மா தெருவில் இறங்கியதே கிடையாது; யாரும் கட்டாயப்படுத்தியதல்ல, அவள் பழக்கம் அது.

இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்துக்கொண்டு, "இந்நாட்டுப் பெண்கள் வாசற்படி தாண்டி அறியாதவர்கள்" என்று மனப்பாடம் செய்த வரிகளை ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். கப்பல் தலைவன் புர்காவைப் பற்றி இழுத்துக் கீழே போட்டான். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. பெண்கள் பக்கம் அம்மாவைக் காணோம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "எப்படிம்மா வர்றது? ஆனா குழாய் ஸ்பீக்கர்ல உன் குரல் கணீர்னு கேட்டுச்சி. இன்னா சொன்ன, சொல்லு" என்றாள். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. நான் கொண்டுவந்த பையிலிருந்து புர்காவை எடுத்து உதறினாள். தோளில் ஒரு சாண் கிழிந்திருந்தது.

"கூட்டிக்கினு போறவன் அத ஏன்டி கிழிச்சான்? நாளைக்கி அவ எத போட்டுக்கினு வெளிய போவா?" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

இன்று அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு பீரோவில் நாலைந்து புர்கா தொங்குகிறது. இரவல் கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த ஊமைப் பெண்ணை எத்தனையோ மேல்நாட்டு நாவல்களில் திரும்பத் திரும்பச் சந்தித்தேன். அம்மா மாதிரி மல்லுக்கு நிற்கிற ஒருத்தியை அவற்றில் காணவேயில்லை. நான் வேலையில் சேருவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். என் இங்கிலீஷில் அவள் காதில் விழுந்தது அன்றைக்குச் சொன்ன அந்த வரிகள் மட்டும்தான்.