விண்மாரிக்குக் கட்டிய வெள்ளைக்கொடி

விண்மாரி சூரியனுக்குள் விழுந்து செத்துப்போனாள் என்று மாமா சொன்ன மறுநாள், நானும் தம்பியும் எங்கள் ஒழுங்கை நெடுக, செத்த வீட்டுக்குக் கட்டுவதுபோல வெள்ளைக்கொடி கட்டினோம்.

விண்மாரி மாமாவின் வாயில் பிறந்தவள். தலைக்கு விலை வைக்கப்பட்ட கள்ளர்களை அண்டவெளியெங்கும் துரத்திப் பிடித்துக் கொடுத்துப் பரிசு வாங்குவது அவள் தொழில். ஊர், எங்கள் கல்லடிதான். துருப்பிடித்த கப்பல் ஒன்று வைத்திருந்தாள். இரண்டு உதை கொடுத்தால்தான் கிளம்பும். துவக்கால் சுடுவது அவளுக்குப் பிடிக்காது. வாவியில் மீனுக்கு வீசுகிற வீச்சுவலையாலேயே செவ்வாய்க் கிரகத்துக் கொள்ளைக்காரர்களை அமுக்குவாள். பிடிபட்டவன் குற்றமற்றவன் என்று தெரிந்துவிட்டால், பரிசைக் கொடுத்த அரசனின் முகத்திலேயே அதை எறிந்துவிட்டு, அவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். பெரியவளானதும் நானும் அந்த வேலைக்குத்தான் போவேன் என்று வகுப்பில் அடித்துச் சொல்லி, டீச்சரிடம் அடியும் வாங்கியிருக்கிறேன். சொன்னதை மாற்றவில்லை.

மாமாவுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. கதையைப் பாதியில் விட்டுப்போக மனம் வராமல் ஆளையே முடித்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். ஒரு மனுசன் செய்கிற வேலையா இது?

அப்பா ஊர் மரண உதவிச் சங்கத்தில் பொருளாளர். சங்கத்துக் கதிரைகளும் கொடிக்கட்டும் எங்கள் வீட்டுக் கொட்டிலில்தான் கிடக்கும். அப்பா வட்டைக்கு வயல் பார்க்கவும் அம்மா பாலத்துக்கு அப்பால் சந்தைக்கும் போயிருந்த காலை நேரம். பெரிய ரோட்டு முனையிலிருந்து எங்கள் படலை வரைக்கும் கொடி கட்டினோம். வாசலில் ஒரு கதிரை போட்டு, நான் கீறிய விண்மாரியின் படத்தை வைத்து, நித்தியகல்யாணிப் பூவில் மாலை போட்டோம். அவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

எங்கள் வீட்டில் வேறொரு சாவு நெடுநாளாகப் பேச்சில் இருப்பதை நான் யோசிக்கவில்லை. அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தார். சித்தப்பா மீன் வியாபாரி. சண்டைக் காலத்தில் ஒருநாள் விடியற்காலையில் மாங்கேணிக்கு மீன் எடுக்கப் போனார். அவரும் திரும்பவில்லை, அவர் போன மோட்டார் சைக்கிளும் திரும்பவில்லை. சண்டை முடிந்த பிறகும் தகவல் இல்லை. இனி அவரைச் செத்தவராக எடுத்து அந்தியேட்டி செய்ய வேண்டும் என்று சித்தப்பாவின் அக்கா வந்து வந்து மன்றாடுவார். அவரை நாங்கள் மாமி என்போம். செய்கிற கடமையைச் செய்யாவிட்டால் தன் தம்பியின் உயிர் அலையுமே என்பது அவருடைய கவலை. மாமி வந்துபோகும் ஒவ்வொரு முறையும் சின்னம்மா நெற்றியில் குங்குமப் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைப்பார்.

கொடியைக் கண்ட சனம், சின்னம்மா கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். சைக்கிளில் போனவர்கள் இறங்கி வந்து தலைகுனிந்து நின்றார்கள். விண்மாரிக்கு இத்தனை பேரா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒரு ஆட்டோவில் மாமி வந்து இறங்கினார். வெள்ளைச் சேலை. நேரே உள்ளே ஓடி, தையல் மெசினடியில் இருந்த சின்னம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினார்.

"என்ட தம்பீ! இப்பயாவது உனக்கு மனம் வந்திச்சே புள்ள!"

சின்னம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்தார். கொடியைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஆரு புள்ள செத்த?"

"விண்மாரி," என்றேன்.

யாரோ சிரித்துவிட்டார்கள். மாமியின் முகம் கறுத்துப்போனது. ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"கட்டின கொடியச் சும்மா அவிழ்க்கப்படாது கா. வீட்டுக்கு ஆகாது. புள்ளையள்ர கையால கடவுள்தான் கட்டிவிட்டிருக்கான். சனமும் வந்திட்டு. இண்டைக்கே அவன்ட கடமையச் செய்வம்."

பெரியவர்கள் அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்கள். ஒருவர் ஐயரைக் கூட்டிவர ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். மாமி தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சின்னம்மாவின் பொட்டை நோக்கிக் கையை நீட்டினார். சின்னம்மா ஓரடி பின்னால் போனார். அவருடைய கண் இன்னும் என்மேல்தான் இருந்தது.

"விண்மாரிட உடம்ப ஆரும் கண்டதா?"

"இல்ல. சூரியனுக்குள்ள விழுந்திட்டா."

"விழுந்தத ஆரு கண்ட?"

"மாமா சொன்னவர்."

"மாமா கண்டவரா?"

நன்றாக யோசித்துப் பார்த்தேன். "இல்ல."

"அப்ப ஆரக் கேட்டுக் கொடி கட்டின?" என்றவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படலையடிக்குப் போய் முதல் கயிற்றை வெட்டினார். அடுத்ததை வெட்டினார். ஒழுங்கை முனை வரைக்கும் வெட்டிக்கொண்டே போனார். சங்கத்துக் கொடி என்று நான் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. வெயிலில் அந்தப் பெரிய பொட்டு கரைந்து மூக்கில் வழிந்தது. துடைக்கவில்லை. திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"உடம்பக் காணாம இந்த வீட்டில ஒருத்தருக்கும் கொடி கட்டுறல்ல. கதையில வாறவவுக்கும் இல்ல. வந்தவங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. இது செத்த வீடில்ல."

சிலர் குடித்தார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மாமி மாத்திரம் விண்மாரியின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி அழுதுகொண்டேயிருந்தார். சின்னம்மா அவருக்கு ஒரு கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்து, "குடிங்க மச்சாள்," என்று பக்கத்தில் குந்தினார். மாமியும் குடித்தார். வெட்டுப்பட்ட கொடிகளுக்காகச் சங்கக் கூட்டத்தில் அப்பா பட்ட பாடு தனிக் கதை.

சின்னம்மா இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். சித்தப்பாவைச் செத்தவராகப் பதிந்து தருகிறோம் என்று வந்த எத்தனையோ அதிகாரிகளை அதே தேநீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

கொடியை வெட்டிய அன்று பொழுதுபட, செத்துப்போகாவிட்டால் விண்மாரி இப்போது எங்கே என்று நான் சின்னம்மாவோடு சண்டைக்குப் போனேன். வாழ்க்கையில் ஒரு கதையும் சொல்லியிராத சின்னம்மா, தட்டுத் தடுமாறித் தொடங்கினார். விண்மாரி சூரியனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வெளியே வந்துவிட்டாளாம். இப்போது ஒரேயொரு ஆளை மட்டும் தேடிக்கொண்டு கோள் கோளாகப் போகிறாளாம்.

"அந்த ஆள் என்ன குற்றம் செய்தவன்?"

"ஒண்டும் செய்யல்ல."

"அப்ப பரிசு?"

"பரிசெல்லாம் வேணாம். ஆளத் தந்தாப் போதும்."

மாமா எவ்வளவு நன்றாகச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். கதை சப்பென்று இருந்தது. அதைவிட, கூலியே வாங்காமல் இப்படித் தேடிக்கொண்டு திரிந்தால் கப்பலுக்கு எண்ணெய் அடிக்க என்ன செய்வாள் என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.