மண் ஹெலிகாப்டர்

மாடுகன்று நோய்நொடி இல்லாமல் இருக்க, மண்ணில் மாடு செய்து சாமிக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உருவாரம் என்று பெயர். மாட்டுப் பொங்கலன்று தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்துக் கோயிலைச் சுற்றி மண் மாடுகள் மந்தையாக நிற்கும். அங்கே ஹெலிகாப்டர் வைத்தது எங்கள் அம்மா ஒருத்திதான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டாளத்து ஹெலிகாப்டரில் கூடவே பறக்கும் மெக்கானிக். சீனச் சண்டை முடிந்திருந்த சமயம். வடக்கே ஏதோ மலையில் இருந்தார். ஊர்ப்பெயரை எழுதக் கூடாதாம். அதனால் கடிதம் முழுக்க ஹெலிகாப்டரின் பிரதாபம்தான். மேலே ஏறும்போது அரிசி, உப்பு, சீமெண்ணெய், உயிரோடு ஆடுகள்; இறங்கும்போது அடிபட்டவர்கள், காய்ச்சல்காரர்கள். ஒருமுறை பிள்ளைவலி கண்ட மலைக்காரப் பெண்ணை ஏற்றி வந்தபோது பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டதாம். 'நம்ம வண்டி' என்றுதான் மாமா எழுதுவார். எங்கள் எருதுகளுக்குக்கூட வீட்டில் அவ்வளவு மரியாதை கிடையாது.

நம்ம வண்டி என்றால் அதற்கும் உருவாரம் வைக்க வேண்டியதுதானே? அம்மா வேண்டிக்கொண்டாள். பொங்கலுக்கு லீவு போட்டு வந்தே தீர வேண்டும் என்று எழுதினாள். மாமாவும் வந்தார். குயவர் ஹெலிகாப்டரைக் கண்ணால் கண்டதில்லை. மாமா தரையில் கோடு கிழித்துக் காட்டியதைப் பார்த்து, வெட்டுக்கிளி முதுகில் காற்றாடி வைத்த மாதிரி ஒன்றைச் சுட்டுக் கொடுத்தார். மாமா சிரித்துக்கொண்டே அதைத் தலையில் சுமந்து போய் வைத்தார்.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் மாமாவின் முகாமிலிருந்து கடிதம் வந்தது. ஹெலிகாப்டர் மேகமூட்டத்தில் மலைமேல் மோதிவிட்டது. போனவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. மாமாவின் இடத்தில் வேறொரு மெக்கானிக் ஏறியிருந்தார்.

அம்மா கோயில் இருந்த திசை பார்த்து விழுந்து கும்பிட்டாள். சாமி கைவிடவில்லை என்று அழுதாள். எனக்கு மட்டும் சாமி தப்புச் செய்துவிட்டதாகத் தோன்றியது. வண்டிக்கு வைத்த உருவாரத்துக்கு மாமாவையல்லவா காப்பாற்றியிருக்கிறது! ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாமா கடிதத்தை மடித்தார். "எனக்குப் பதிலா ஏறுனவனுக்கும் ஊட்டுல ஒரு அக்கா இருக்குதுங்க்கா," என்றார்.

அம்மா சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டாள். அந்த அக்காவையும் அடுத்த பொங்கலுக்கு ஒரு உருவாரம் வைக்கச் சொல்லி எழுதலாமே என்று யோசனை சொன்னேன்.

மாமா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

"எழுதிப்போடலாம் கண்ணு."