சண்டைக்கு ஒரு குரல்

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி குழாயில் நேராக மோட்டாரைப் போட்டு உறிஞ்சிவிடுவாள். எங்கள் குழாய் புஸ்ஸென்று காற்றை விடும். உடனே நான் மதில் ஓரம் போய்த் தொண்டையைத் திறப்பேன். அவளும் சளைத்தவள் இல்லை. தெருக்கோடி டீக்கடை வரை கேட்கிறது என்று என் கணவர் சொல்வார், பெருமையாக அல்ல.

பிறகு எனக்கு நிமோனியா வந்தது. விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் இறக்கி மூச்சு விட வைத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் குழாயை எடுத்த பிறகு வாயைத் திறந்தால், தண்ணீர் வராத எங்கள் வீட்டுக் குழாய் மாதிரி வெறும் காற்றுதான் வந்தது.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தார். குழாய் உரசிக் குரல் நாண்கள் புண்ணாகி, ஆறிய இடத்தில் தழும்பு விழுந்திருக்கிறதாம்.

"தழும்பு போவாதும்மா. பயிற்சி செஞ்சா ஓரளவு குரல் வரும். கத்தாதீங்க. கிசுகிசுன்னும் பேசாதீங்க" என்றார்.

இரண்டும் கூடாது என்றால் ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துவது?

வீட்டுக்கு வந்த பிறகு, முதல் தண்ணீர் நாளன்று வழக்கம்போல மோட்டார் சத்தம் கேட்டது. மதில் ஓரம் போய் "ஏய்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள்.

"நீ மொதல்ல புடிச்சிக்கக்கா. நான் அப்பறம் புடிச்சிக்கறேன்."

அண்டா, குடம் எல்லாம் நிரம்பின. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியும் நிறுத்தாதவள், குரல் போனதும் நிறுத்துகிறாள் என்றால் என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? போதாததற்குக் கேப்பைக் கூழ் வேறு கொடுத்தனுப்பினாள். கூழ் நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த வைராக்கியத்தில்தான் பயிற்சியைப் பிடித்துக்கொண்டேன். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, 'ஊ' என்று சத்தத்தோடு ஊதிக் குமிழி விட வேண்டும். "பந்தியில கலர் சோடா குடிக்கிற கொழந்த மாதிரியே இருக்குற" என்று கணவர் சிரித்தார். சில நாள் குமிழி மட்டும் வரும், குரல் வராது. அன்றைக்கெல்லாம் பயமாக இருக்கும். இனிமேல் எல்லோரும் என்னிடம் பாவம் பார்த்தே பேசுவார்களோ என்று அழுதும் இருக்கிறேன்.

மெதுவாகக் குரல் திரும்பியது, கரகரவென்று. போனில் பேசினால் "சொல்லுங்க சார்" என்பார்கள். நானும் திருத்துவதில்லை. சாருக்குக் கிடைக்கும் மரியாதை அம்மாவுக்குக் கிடைப்பதில்லை.

மாதக்கணக்கில் நான் பிடித்த பிறகே மோட்டார் போட்டவள், ஒரு நாள் காலையில் தண்ணீர் வந்ததுமே போட்டுவிட்டாள். என் குழாய் புஸ்ஸென்றது. குடத்தை வைத்துவிட்டு ஓடினேன்.

"ஏண்டி, மோட்டார நிறுத்துடி! ஊர்த் தண்ணி மொத்தமும் உனக்குத்தானா?"

உடைந்த குரல்தான். ஆனால் மதிலைத் தாண்டிப் போனது. டாக்டர் சொன்னது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவள் வெளியே ஓடி வந்தாள்.

"வந்துடுச்சாக்கா! கொரலு வந்துக்கினு இருக்குதுன்னு உன் வூட்டுக்காரரு சொன்னாரு. நான் நம்பல. அதான் மோட்டார போட்டுப் பாத்தேன்!"

முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும் அப்படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"இன்னா சொன்ன? யாரப் பாத்து 'டி' போடுற நீ?" என்று தெருக்கோடி டீக்கடை வரை கேட்கும்படி ஆரம்பித்தாள்.