மெக்கானிக் மாமா தேடிப்போன பஸ்

எங்கள் அன்பு அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டே எழுதினால் அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால், அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கந்தர்வக்கோட்டைப் பக்கம். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தவர், முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே படித்தார். கீரனூர்ப் பக்கம் ஒரு தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியன் ஆனார்.

அவருக்கும் அம்மாவுக்கும் புதுக்கோட்டையில் நிச்சயதார்த்தம். உறவுக்காரர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். அப்பா கிளம்பும் நேரத்தில் ஆள் வந்தது: நிலையம் மொத்தமும் செத்துக் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக்கூட போன் இல்லை. உடன் வேலை பார்ப்பவரோ லீவு. அப்பா பட்டுவேட்டியோடு அங்கே ஓடினார். பஸ் கண்டக்டர் ஒருவரிடம் பெண் வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்: "பஸ் பழுது. சரிசெய்துவிட்டு வருகிறேன்."

அங்கே ஒரே களேபரம்! "மாப்பிள்ளை எதுக்குங்க பஸ்ஸ ரிப்பேர் பாக்கணும்? அடுத்த பஸ்ஸுல ஏறி வரவேண்டியதுதானே!" என்றாராம் பெரியம்மா.

அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தாவுக்குச் சுர்ரென்று கோபம். "இஷ்டம் இல்லைன்னா நேரா சொல்லணும். பன்னெண்டு மணிக்குள்ள ஆளு வரலைன்னா தட்டைத் திருப்பி அனுப்பிருவேன்."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டு மெக்கானிக் மாமாதான், "இருங்க, நான் பாத்துட்டு வாரேன்" என்று ஸ்பானர் பையை எடுத்தார். தாத்தாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

வழிநெடுகப் பார்த்தார்கள். எந்த பஸ்ஸும் பழுதாகி நிற்கவில்லை. கடைசியில் விசாரித்துக்கொண்டு நிலையத்துக்கே போனால், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளுயர இரும்பு அலமாரியிலிருந்து மின்னணு அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு எங்கிட்டு மாப்ள நிக்குது?" என்றார் மெக்கானிக் மாமா.

"இதாங்க மச்சான் பஸ்ஸு! அட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற பொதுப் பாதைக்கு பஸ்ஸுன்னு பேரு. ஒரு அட்டை கெட்டுப்போயி பாதையை மறிச்சுக்கிட்டு நிக்குது. எதை உருவுனா மத்ததுக்கு உயிர் வருதோ, அதுதான் களவாணி."

மெக்கானிக் மாமா ஸ்பானர் பையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை, கடிகாரத்தையே பார்த்தார். இன்னும் இரண்டு அட்டை. அடுத்ததை உருவியதும் மற்ற அட்டைகளில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அங்கே புது அட்டையைச் செருகிவிட்டு, அப்பா முதல் போனைப் பெண் வீட்டுக்குத்தான் போட்டார். எடுத்தது அம்மா.

"பஸ்ஸு ரெடி ஆயிருச்சு. வாரேன்."

மூன்று பேரும் ஒரே பைக்கில் போய் இறங்கியபோது, பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்ததாம். தட்டு மாற்றும்போது தாத்தாவும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை வந்தால், "ஒவ்வொருத்தரா வெளிய போங்க, எது களவாணின்னு பாப்போம்" என்பார் அப்பா. பெரும்பாலும் நான்தான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்திலும், நர்ஸம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட அந்த நர்ஸம்மாவுக்கும், உடனிருந்த உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. ஒரு நன்றி தனியாகச் சொல்ல வேண்டும். இறுதி ஊர்வலத்தன்று, அப்பாவை ஏற்றிய வண்டி கிளம்பவே இல்லை. கூட்டத்திலிருந்து மெக்கானிக் மாமா, இந்த வயதிலும், சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் போனார். எஞ்சின் உறுமியது. எழுந்து வந்தவர், கரி படிந்த கையை அப்பாவின் காலருகே வைத்தார்.

"அன்னிக்கு ஒங்க பஸ்ஸ என்னால பாக்க முடியல. இன்னிக்குப் பாத்துட்டேன். கெளம்புங்க மாப்ள."

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்.