அவள் பெயரில் என் கையெழுத்து

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் பகுதிநேர நர்ஸ் என்றால் ராத்திரி நர்ஸ் என்றுதான் அர்த்தம். பகலில் டாக்டர்கள், நிரந்தர நர்சுகள், பார்க்க வருகிறவர்கள் என்று ஊரே கூடியிருக்கும். விளக்கை அணைத்த பிறகு நாங்கள்தான். நிரந்தர நர்சுகளுக்கு நைட் அலவன்ஸ் உண்டு. எங்களுக்குக் கிடையாது. கேட்டால், "நீங்க பார்ட் டைம்தானேம்மா" என்பார்கள். ராத்திரியில் ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தோம் போலிருக்கிறது.

என்னோடு ராத்திரி வேலை பார்த்தவள் கோட்டக்குப்பத்தில் பிறந்து கிளியனூரில் வாழ்க்கைப்பட்டவள். என்னை அக்கா என்பாள். சவுதியில் டிரைவராக இருந்த அவள் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து ஊர் திரும்பி, படுத்த படுக்கையாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவள் டூட்டிக்கு வந்துவிட்டால் விடியும்வரை அவர் தனியாகக் கிடப்பார். பக்கத்து வீட்டம்மா எப்போதாவது எட்டிப் பார்ப்பார்.

அதனால்தான் பழைய வருடங்களுக்கும் சேர்த்து நைட் அலவன்ஸ் கேட்டு நாங்கள் மனு கொடுத்தபோது அவள் முதல் ஆளாக வந்து நின்றாள். "அரியர்ஸ் வந்துச்சுன்னா நைட்டு வேணாம்னு சொல்லிடுவேன்க்கா. பகல்ல எங்கனா கிளினிக்குல பாத்துக்கினு, ராத்திரில அவரு பக்கத்துல இருப்பேன்" என்றாள். வேறு எதற்கும் அவளுக்கு அந்தப் பணம் வேண்டாம்.

நான் முகையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், இருப்பது விழுப்புரத்தில். கிறிஸ்துமஸ் ராத்திரி, புனித வெள்ளி, ஈஸ்டர் பூசை எல்லாவற்றுக்கும் என் டூட்டியை அவள் பார்ப்பாள். ரம்ஜான் மாதத்தில், விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு அவள் வீட்டில் இருக்கட்டும் என்று அவளுடையதை நான் பார்ப்பேன். வருகைப் பதிவில், யார் முறையோ அவர் பெயரில் கையெழுத்து. சூப்பர்வைசரம்மாவுக்கும் இது தெரியும், வார்டில் ஆள் இருந்தால் சரி அவருக்கு. இதைத் தப்பு என்று நாங்கள் நினைத்ததே இல்லை. சொல்லப்போனால் அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

விழுப்புரத்தில் தொழிலாளர் அலுவலர் முன்னால் பேச்சுவார்த்தை நடந்தது. ஆஸ்பத்திரித் தரப்பில் வந்த மேனேஜர், பகுதிநேரக்காரர்கள் இஷ்டப்பட்டால் வருவார்கள், இல்லாவிட்டால் நின்றுவிடுவார்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"ஒரு நாளு கூட வார்டு காலியா இருந்ததில்லீங்க சார். அக்கா சர்ச்சுக்குப் போனா, அவங்க பேர்ல நான் கையெழுத்து போட்டுட்டு பாப்பேன். எனக்கு நோம்புன்னா, அக்கா என் பேர்ல போட்டுட்டு பாப்பாங்க. பேஷண்ட வுட்டுட்டு நாங்க போனதே இல்ல."

நல்ல சாட்சி சொல்லிவிட்டதாக நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேனேஜர் அவளைவிட நன்றாகச் சிரித்தார். அலுவலர் நல்ல மனிதர்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு, "கையெழுத்தே உங்களுது இல்லன்னு நீங்களே சொல்லிட்டா, எந்த ராத்திரிய யார் கணக்குல எழுதச் சொல்றதும்மா?" என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்று, ராத்திரி டூட்டிக்குத் திண்டிவனம் போகும்போது பஸ்ஸில் அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்போம் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மனு அதோடு படுத்துவிட்டது. கையோடு ஆஸ்பத்திரியில் உத்தரவு போட்டார்கள். இனி டூட்டி மாற்றிக்கொள்ளக் கூடாது, பெயர் உள்ளவர் வராவிட்டால் வேலை இல்லை.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் போன் செய்தாள். "அவருக்கு ஜொரம்க்கா. சளி கட்டிக்கினு மூச்சு வாங்குது. இன்னிக்கி மட்டும் என் நைட்ட பாக்கறீங்களா? காலைல ஜல்தியா முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போயிடறேன்."

யூனிபார்மை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சூப்பர்வைசரம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "பேரு யாருதோ அவங்கதான் வரணும். உன்னை வுட்டா என் வேலையும் போயிடும்மா." வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான் போன் செய்து சொன்னதும் அவளே வந்து சேர்ந்தாள்.

"நீ உள்ள போ. நான் உன் வூட்டுக்குப் போறேன்" என்றேன்.

அப்படித்தான் அன்றைக்கும் டூட்டி மாற்றிக்கொண்டோம். யாரோ ஒருவரின் தலைமாட்டில் அவள், அவள் புருஷனின் தலைமாட்டில் நான். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். இடையிடையே கண்ணைத் திறந்து, குழறும் வாயால் அவளைத்தான் கேட்டார். "வந்துக்கினே இருக்காப்பா" என்றேன். மூச்சு மோசமானதும் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வார்டுக்குள் போகுமுன் எங்கள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அது எங்கோ அடித்து அடித்து ஓய்ந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அவர் கடைசியாகப் பார்த்த முகம் என்னுடையது. அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது.

சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் சில மாதம் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பது அவர்கள் வழக்கம். கட்டிலை எடுத்துவிட்ட இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"வாசப்படி தாண்டக் கூடாதுக்கா" என்றாள். "இப்பல்லாம் ராத்திரில நான் வூட்லதான் இருக்கேன்."