இல்லாத வண்டிக்குப் பிரேக்

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த ஷோபனாவுக்கு அம்பத்தூரில் ஒரு கார் கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை. காரின் மூக்கில் இருக்கும் ரேடார், முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் தானே பிரேக் போட்டுவிடும். ஆனால் அதே ரேடார் பொருத்திய இன்னொரு கார் எதிரே வந்தால், அதன் அலை இதற்குள் புகுந்து, இல்லாத வண்டியை இருப்பதாகக் காட்டிவிடும். அந்தக் குறுக்கீட்டுக் குழப்பத்தைக் குறைப்பதுதான் அவள் பொறுப்பு.

பொறுப்பைக் கொடுத்தார்களே தவிர, இரண்டாவது காரைக் கொடுக்கவில்லை.

"ஒரு வண்டியை வச்சே பாத்துடுங்களேன்" என்பார் மேலாளர் சிவராமன்.

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல கத்தினாத்தானே சார் குழப்பம்? ஒத்த ஆளு யாரோட மோதுறது?"

"வேற வண்டி காலியா இல்லம்மா." மாதக்கணக்கில் இதே பல்லவி.

ஒருநாள் பாரிவாக்கம் பக்கம் சோதனை ஓட்டம். ஓட்டியவர் உள்ளூர்க்காரர் கங்காதரன், பக்கத்தில் ஷோபனா. எதிர்ச்சாரியில் அதே மாடல் கார் ஒன்று வந்ததுதான் தாமதம், முன்னால் ஈ காக்கை இல்லாத சாலையில் வண்டி சடாரென்று நின்றது. பின்னால் வந்த தண்ணி லாரி மயிரிழையில் தப்பியது.

"ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்று இறங்கிவந்து கத்தினார் லாரிக்காரர்.

"நான் பிரேக்கத் தொடவே இல்ல அண்ணாத்தே. வண்டியே போட்டுகிச்சு."

"இன்னா கதை உடுற?"

சிவராமனும் அதையே கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டார். கங்காதரனுக்குக் கால் தவறியிருக்கும் என்றார். ஷோபனாவுக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"உங்க சொந்தக் காரும் இதே மாடல்தானே சார்? நாளைக்கு நீங்களே ஓட்டிட்டு வாங்க."

குத்தம்பாக்கம் அருகே ஆளரவமற்ற கிளைச் சாலை ஒன்றில் இரண்டு கார்களும் எதிரெதிரே ஓடின. திரும்பத் திரும்ப ஓடியும் ஒன்றும் நடக்கவில்லை. சிவராமன் சன்னல் வழியே சிரித்தார். நடக்கவேண்டிய நேரத்தில் மட்டும் நடக்காத இந்தச் சனியனை என்ன செய்வது என்று ஷோபனா பல்லைக் கடித்தாள். அடுத்த ஓட்டத்தில் சிவராமனின் கார் படக்கென்று நின்றது. அவர் கண்ணாடி மூக்கிலிருந்து எகிறி மடியில் விழுந்தது.

"நான் பிரேக்கை மிதிக்கவே இல்லையே!"

"அதத்தானே சார் நானும் சொல்லிகினு கீறேன்" என்றார் கங்காதரன்.

மறுநாளே இரண்டாவது கார் வந்தது, வேலையும் நகர்ந்தது. ஒவ்வொரு ரேடாரும் அலை அனுப்பும் நேரத்தைச் சற்றே மாற்றி மாற்றி அனுப்பும்படி செய்தாள். திரும்பி வரும் அலையில் கெட்டுப்போன பகுதியை ரேடாரே கழித்துவிடவும் வழி செய்தாள். வீண் பிரேக் அபூர்வமாயிற்று. ஆனால் அடியோடு போகவில்லை.

விளம்பரத்துக்கு 'குறுக்கீடே இல்லை' என்று எழுதித் தரச் சொன்னார் சிவராமன்.

"குறைஞ்சிருக்கு சார். இல்லைன்னு எழுத மாட்டேன்."

"ஒரு வார்த்தைதானேம்மா?"

"அந்த வார்த்தையை நம்பித்தான் சார் ஜனங்க குழந்தையை ஏத்திகிட்டுப் போவாங்க."

சாப்பாட்டு நேரம் முழுக்க வாதம். கடைசியில் 'குறைவு' என்றே போட்டார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய எழுத்தில். ஷோபனா ஆறிப்போன சாம்பார் சாதத்தை யாரையோ திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.